ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் குகை

சீனாவின் தாரிம் படுகையில் தாஹே என்று ஒரு எண்ணெய் வயல். 5,000 மீட்டருக்கும் கீழே, ஆர்டோவிசியன் காலச் (சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்தைய) சுண்ணாம்புப் பாறையைத் துளைக்கும்போது சில இடங்களில் துளைமுனை சட்டென்று கீழே விழும், துளைத்த தூளை மேலே கொண்டுவர உள்ளே அனுப்பிய சேறும் திரும்பி வராது. சரி, குகை வந்துவிட்டது!

அவ்வளவு ஆழத்தில் குகை எப்படி? பெரும்பாலும் அது அங்கே உருவானதே இல்லை. அந்தப் பாறை ஒரு காலத்தில் தரைமட்டத்தில் கிடந்தது, கரியமில வாயு கலந்த மழைநீர் விரிசல் வழியே இறங்கி அதைக் கரைத்துக் குடைந்தது, அப்புறம்தான் மேலே கார்பனிபெரஸ் காலக் (சுமார் 36 முதல் 30 கோடி ஆண்டுக்கு முந்தைய) களிப்பாறை வந்து மூடியது. பல குகைகள் கூரை இடிந்து, மண் அடைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படலம் மாதிரி கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்து பாழாகிவிட்டன. ஆழத்திலேயே அமில நீர் குடைந்தது என்றும் ஒரு வாதம் உண்டு; கரைந்த சுண்ணாம்பை வெளியே கொண்டுபோக நீரோட்டம் வேண்டுமே, எனக்கு அதில் அரை நம்பிக்கைதான்.