கத்திக்கு நான் மரப்பிடி போடுவதில்லை

பெங்களூரு அல்சூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் சமையல் கத்தி செய்கிறேன். பகலில் பீன்யாவில் டூல் ரூம் வேலை, கத்தி வேலை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். வாங்க வருகிறவர்கள் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்துவிட்டுப் பிடியைத் தட்டிப் பார்ப்பார்கள். "இது மரம் இல்லையா? பிளாஸ்டிக்கா?" என்று முகம் கொஞ்சம் வாடும். அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதால் இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம் சமையலறையில் கத்தி காய்ந்த கையில் இருப்பது அபூர்வம். புளி கரைத்த கை, மீன் கழுவிய கை, தேங்காய் துருவிய கை. மரம் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் பிடிக்கும் உள்ளே ஓடும் இரும்புக்கும் நடுவே முடி நுழையும் அளவுக்கு ஒரு சந்து விழும். அதில் மீன் தண்ணீர் இறங்கும், இரும்பு துருப்பிடிக்கும், துரு பருத்துப் பிடியை இன்னும் பிளக்கும். பழுது பார்க்க வரும் பழைய கத்திகளின் பிடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் இந்தக் கதைதான். ஈட்டி மரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. மேசை மேல் வைத்துப் பார்க்கும் பொருளுக்கு அது சரி. தினம் நாலு முறை கழுவும் கத்திக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் போடுவது ஹைலம். எலக்ட்ரிகல் கடைக்காரர்களுக்கு இது பழகிய பெயர், பேனல் போர்டுக்குள் இருக்கும் அந்தப் பழுப்புப் பலகை. 1907-ல் லியோ பேக்லண்ட் சூட்டில் இறுகும் பினாலிக் என்ற செயற்கைப் பிசினைக் கண்டுபிடித்தார். சில வருடங்களிலேயே, 1910 வாக்கில், அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் துணியையும் காகிதத்தையும் அந்த மாதிரிப் பிசினில் நனைத்து, அடுக்கி, சூட்டில் அழுத்தி மைகார்ட்டா என்ற பலகையைச் செய்தது. மின்சாரம் கடத்தாத பொருள் வேண்டும் என்பதுதான் அப்போது தேவை. கத்திக்காரர்கள் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஹைலமும் அதே ஜாதிதான். துணி போட்டுச் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும், காகிதம் போட்டது ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயரும்.

இன்னொன்று ஜி-10. இதில் பருத்திக்குப் பதில் கண்ணாடி இழைத் துணி, பினாலிக்குக்குப் பதில் எபாக்சி என்ற வேறொரு பிசின். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் பலகைக்கு நெருங்கிய உறவு. அதனால் என் கத்திக்கான பாதிச் சாமான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைத்துவிடுகிறது. அலகைக் கறுப்பாக்கும் ஃபெரிக் குளோரைடும் அங்கேதான், சர்க்யூட் போர்டில் செம்பைக் கரைக்க வாங்கிப் போவார்கள். எலக்ட்ரானிக்ஸ் ஊரில் கத்தி செய்வதில் இப்படி ஒரு வசதி.

இரண்டையும் அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் போதாது, ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் கட்டாயம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன், இதில் விளையாட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த பிடி இவை இரண்டும் இல்லை. மர்பி டவுனில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே மரூன் நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை, நைந்து போனது. "தம்பி, அம்மா இதைக் கட்டிக்கிட்டுத்தான் மெஸ்ஸை ஆரம்பிச்சாங்க. இதுல பிடி போட முடியுமா?"

"முடியும்க்கா. ஆனா துண்டு துண்டா வெட்டணும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

பருத்தியாக இருந்ததால் பிசினை நன்றாகக் குடிக்கும். பாலியஸ்டர் என்றால் மறுத்திருப்பேன். முதலில் வெந்நீரில் ஊறவைத்துப் பழைய கஞ்சியை எல்லாம் எடுத்துவிட வேண்டும், கஞ்சி இருந்தால் பிசின் இழைக்குள் இறங்காது. நன்றாகக் காயவைத்து, பிடி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் எபாக்சி தடவி அடுக்க வேண்டும். சேலைத் துணி மெல்லியது என்பதால் ஒரு பக்கத்துக்கே முப்பது, நாற்பது அடுக்கு போகும். மேலும் கீழும் பாலிதீன் விரித்து, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து சி-கிளாம்ப்பை முறுக்கினால் மிச்சப் பிசின் நாலு பக்கமும் வழியும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும்.

எடுக்கும்போது அது அழுக்குக் கட்டிதான். வளைவாக இழைக்க ஆரம்பித்த பிறகுதான் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும், வரைபடத்தில் மலையைச் சுற்றிப் போடும் கோடுகள் போல. பிசின் குடித்த மரூன் கிட்டத்தட்ட காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. சுங்குடிப் புள்ளிகள் வெட்டுப்பட்ட இடங்களில் சின்னச் சின்ன வெளிர் கீற்றுகள். பாலிஷ் போடாமல் 400 நம்பர் தாளோடு நிறுத்தினேன். அப்போதுதான் ஈரக் கைக்குப் பிடிப்பு இருக்கும்.

அலகுக்கு வருகிறேன். நான் எடுப்பது ஈஎன்-31, பேரிங் செய்யும் எஃகு. கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் அதைவிடச் சற்றுக் கூட. பழுக்கக் காய்ச்சி, உருண்டை முகம் உள்ள சுத்தியலால் அலகின் மேல் பாதியில் மட்டும் அடித்துக் குழி விழவைப்பேன். கீழ்ப் பாதி எப்படியும் கூருக்காக இழைபட்டுப் போய்விடும். குழி ஆழமாகவும் கூடாது, வெங்காயத் தோல் போய் உட்கார்ந்துகொள்ளும். உலையில் படியும் கறுப்புத் தோலைச் சில கத்திகளில் அப்படியே விட்டுவிடுகிறேன், துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

குழி இருந்தால் உருளைக்கிழங்கு ஒட்டாது என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கிழங்கு ஒட்டுவது பெரும்பாலும் கூருக்கு அருகில் உள்ள வழுவழுப்பான பகுதியில், அங்கே குழியே கிடையாது. ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் அலகின் பக்கங்களை லேசாகப் புடைப்பாக இழைக்க வேண்டும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குகிறேன்.

துவைச்சல், அதாவது எஃகைக் காய்ச்சி எண்ணெயில் நனைத்துக் கடினமாக்குவது, அதுதான் கத்தியின் உயிர். சிவப்பைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் உலையில் 830 டிகிரி வைத்து, எண்ணெயில் இறக்கி, அப்புறம் எஃகு நொறுங்காமல் இருக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை சூடாக்குவேன். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60 பக்கம் நிற்கும். கூர் நிற்க அது போதும், எலும்பை வெட்ட மட்டும் கூடாது.

அக்கா முதல் வாரத்திலேயே போன் செய்தார். "வாழைக்காய் நறுக்கினேன், அலகெல்லாம் நீலமும் கறுப்புமா ஆயிடுச்சு தம்பி." அது துரு இல்லை. கார்பன் எஃகில் புளிப்பும் கறையும் பட்டால் அந்த நிறம் ஏறும், ஏறட்டும். செம்மண் நிறத்தில் பொடியாக வந்தால்தான் துரு, உடனே தேய்த்து எடுக்க வேண்டும். நறுக்கியதும் கழுவித் துடைத்துவிட்டால் அந்தப் பேச்சே வராது.

சாணைக்கல் சக்கரத்தில் மட்டும் கொடுக்க வேண்டாம். காய்ந்த சக்கரத்தின் சூட்டில் கூர் ஓரம் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் போட்ட துவைச்சல் இறங்கிவிடும். 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீட்டத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், நான் செய்த கத்திக்குத் தீட்டுக்கூலி வாங்குவதில்லை.