ஸ்டடி பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி: ஈ.எஸ்.ஐ., கீமோ, என்ற அனுபவம்

எங்க கம்பெனில முன்னாடி கூட வேலை பாத்த புள்ள ஒண்ணு போன் பண்ணுச்சுங்க. அவங்கம்மாவுக்கு மார்புல கட்டி, ஆபரேசனுக்கு நாள் குறிச்சாச்சு, அதுக்குள்ள ஆஸ்பத்திரில "ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களா"ன்னு கேட்டு ஒரு கட்டு பேப்பரைக் குடுத்து விட்டிருக்காங்க. ஸ்டடின்னா பேசன்ட்டுங்களை வெச்சு ஒரு வைத்தியம் பலன் குடுக்குதான்னு பாக்கற ஆராய்ச்சி. "கையெழுத்துப் போடலாமாக்கா, ஒண்ணும் ஆயிராதே"ன்னு கேட்டுச்சு. எனக்கும் அதே மாதிரி பேப்பர் வந்துச்சு, நான் சேர்ந்தேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன். டாக்டர் பேச்சுக்குப் பதிலா இதை எடுத்துக்காதீங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவ, ஊரு ஊத்துக்குளிப் பக்கம். செக்கிங்னா துணில ஓட்டை, நூல் அறுந்தது, ஆயில் கறை இதெல்லாம் பாத்து ஸ்டிக்கர் ஒட்டறது, பாதி கண்ணு வேலை, மீதி விரல் வேலை. கட்டியக் கண்டுபுடிச்ச கதை, மேமோகிராம், பயாப்ஸி, ஊட்ல அழுகாச்சி எல்லாம் எல்லார்த்துக்கும் நடக்கறது தான், அதை விட்டுடறேன்.

ஸ்டடியப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி காசு வழி என்னன்னு முடிச்சு வெச்சிருங்க. லீவு போட்டா சம்பளம் போச்சே, அடுத்த ஊசிக்கு யாருகிட்ட கேக்கறதுன்னு நெஞ்சு அடிச்சுட்டு இருக்கறப்ப எந்தப் பேப்பரை நீட்டுனாலும் "இதுல சேர்ந்தா ஏதாவது ஃப்ரீயாக் கெடைக்குமோ"ன்னு தான் தோணும், அப்ப போடற கையெழுத்து நம்ம இஷ்டத்துக்குப் போட்டதா ஆகாதுங்க. எனக்கு அந்த பயத்தை எறக்கி வெச்சது ஆஸ்பத்திரில இருந்த மெடிக்கல் சோசியல் ஒர்க்கர் பொண்ணு. பெரிய ஆஸ்பத்திரி நெறையத்துல இப்படி ஒருத்தர் இருப்பாங்க, ஆனா நாமளா கேட்டாத்தான் ரூம் நெம்பரே சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு எங்கிட்ட மொதல்ல கேட்டதே "பே ஸ்லிப்ல ஈ.எஸ்.ஐ. புடிக்கறாங்களாக்கா?" தான்.

மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் காப்பீடு உண்டு, நம்ம பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. கூட்டமா இருக்கும்னு டிஸ்பென்சரிப் பக்கமே போகாம மாசாமாசம் காசு மட்டும் கட்டிட்டு இருப்போம். டிஸ்பென்சரில ரெஃபரல் வாங்கி, அவங்களோட டை-அப் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போனா வைத்தியத்துக்குக் கையில இருந்து கட்ட வேண்டியதில்ல. அது போக சம்பளத்துக்குப் பதிலா பணமும் வரும். சாதாரண சிக்னெஸ் பெனிஃபிட் வருசத்துக்கு 91 நாள், 70 சதவீதம். அது தீந்த பொறவு நீட்டிச்சுத் தர்றது ஒண்ணு இருக்கு, பெரிய நோயா 34 நோயி லிஸ்ட் போட்டிருக்காங்க, கேன்சர் அதுல வருது, 80 சதவீதம், ரெண்டு வருசம் வரைக்கும் நீட்டலாம். கண்டிசன் என்னன்னா தொடர்ந்து ரெண்டு வருசம் ஈ.எஸ்.ஐ.ல இருந்திருக்கோணும், முந்தின நாலு கான்ட்ரிபியூசன் பீரியட்ல (காசு கட்டற ஆறு மாசக் கணக்கு) 156 நாளாவது கணக்குல இருக்கோணும்.

நம்மூர்ல இங்க தான் இடிக்குது. ஆர்டர் இருந்தா ஒரு கம்பெனி, தீவாளி போனஸ் வாங்குன கையோட வேற கம்பெனின்னு மாறுவோம், போற எடத்துல எல்லாம் புதுசா ஒரு ஈ.எஸ்.ஐ. நெம்பர் போட்டு விட்டுருவாங்க. எனக்கும் ரெண்டு நெம்பர் இருந்துச்சு. அதை ஒண்ணாக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சுங்க, எங்கூட்டுக்காரர் பிராஞ்ச் ஆபீசுக்கும் கம்பெனிக்கும் நடையா நடந்தாரு. கம்பெனில ஒருத்தர் "எதுக்குங்க்கா சிரமம், கணக்கு முடிச்சு வாங்கிட்டு ஊட்ல ரெஸ்ட் எடுங்க"ன்னு நெம்ப அன்பாச் சொன்னாரு. சிக்னெஸ் பெனிஃபிட் வாங்கிட்டு இருக்கற காலத்துல வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு அப்ப ஈ.எஸ்.ஐ. சட்டத்துல 73வது பிரிவு இருந்துச்சுங்க, அந்தப் பொண்ணு அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு, சீட்டைக் காட்டுன பொறவு அந்த அன்பு நின்னு போச்சு.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவங்க, காட்டு வேலைக்குப் போறவங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு எடுத்துருங்க. குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கோணும், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். வி.ஏ.ஓ. கிட்ட வருமானத்துக்கு எழுதி வாங்கி, ரேசன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் போகோணும். அடையாறு, வேலூர்னு ரயில்ல போறவங்களுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏ.சி.லயும் கேன்சர் பேசன்ட்டுக்கு டிக்கெட் காசே இல்ல, கூடப் போறவங்களுக்கு 75 சதவீதம் கம்மி, அதுக்கு ஆஸ்பத்திரில சர்டிபிகேட் வாங்கி கவுன்டர்ல குடுக்கோணும்.

எனக்கு ஆபரேசன்ல ஒரு பக்க மார்பை முழுசா எடுத்துட்டாங்க. மூணாவது நாளு வார்டுக்கு பெருந்துறைப் பக்கம் இருந்து ஒரு அக்கா வந்தாங்க, அவங்களுக்கும் ஆபரேசன் ஆகிப் பல வருசம் ஆச்சு, வாரத்துல ஒரு நாள் இப்படி வந்து புதுப் பேசன்ட்டுங்களைப் பாத்துட்டுப் போவாங்க. ஆறுதல் எல்லாம் சொல்லல. கையைத் தூக்கி செவுத்துல விரல் விரலா ஏத்திக் காட்டுனாங்க, "இதைத் தெனமும் பண்ணு கண்ணு, விட்டீன்னா தோளு புடிச்சுக்கும்"னாங்க. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த கைல ஊசி, பி.பி. பாக்க விடாதே, காயம் படாமப் பாத்துக்கோ, வீங்குனா மறைக்காம பிசியோதெரபிக்குப் போன்னாங்க. எடுத்த மார்புக்குப் பதிலா பிளவுசுக்குள்ள வெச்சுக்கறதுக்கு சிலிக்கான்ல விக்கறது ஆயிரக்கணக்குல வெலை. அந்த அக்கா பருத்தித் துணில பஞ்சு அடைச்சுத் தெச்சது குடுத்தாங்க. புண்ணு ஆறற வரைக்கும் வெயிட் இல்லாதது தான் நல்லது, ஆறுன பொறவு கொஞ்சம் கனம் வேணும், இல்லீன்னா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி நடப்போம். எங்க லைன்ல இருக்கற டைலர் புள்ள அதைப் பாத்துட்டு கட்டிங் வேஸ்ட்ல எனக்கு ரெண்டு ஜோடி தெச்சு, உள்பாடில பாக்கெட்டும் வெச்சுக் குடுத்துருச்சு. பனியன் ஊர்ல பொறந்ததுக்கு இது ஒரு லாபம். ஆறுதல் சொல்றேன்னு வந்த ஒரம்பரைங்க தான் என்னை நெம்ப அழ வெச்சது.

இனி ஸ்டடி. கீமோல மொதல்ல போட்ட சிவப்பு ஊசி முடிஞ்சு, வாராவாரம் போடற பேக்ளிடாக்செல்ங்கற கீமோ மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தான் அந்தப் பேப்பர் வந்துச்சு. அந்த மருந்து நெறையப் பேருக்கு கை விரல், கால் விரலை மரத்துப் போக வெச்சுரும், சில பேருக்கு மருந்து நின்ன பொறவும் போகாது. ஊசி ஏர்றப்ப கைக்கும் காலுக்கும் ஐஸ் மாதிரி குளுந்த கிளவுஸ் மாட்டுனா ரத்தக் குழாய் சுருங்கி மருந்து விரலுக்குக் கம்மியாப் போகும், மரப்பு கொறையுமான்னு பாக்கற ஸ்டடி. செக்கிங் பாக்கற எனக்கு விரல் போச்சுன்னா பொழப்பு போச்சு. கேட்டதும் இதுல சேரோணும்னு தான் இருந்துச்சு.

எங்க நங்கையா உடனே "உன்னை எலியாட்ட வெச்சுப் பாக்கறாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்டடி கோஆர்டினேட்டர் தம்பி நல்ல மாதிரி, "இப்பவே சொல்லோணும்னு இல்லீங்க்கா, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க"ன்னுச்சு. காலேஜ் படிக்கற எம்மகளும் நானும் உக்காந்து படிச்சோம், தமிழ்ல தான் இருந்துச்சு, ஆனா அந்தத் தமிழைப் படிக்கறதுக்கு இங்கிலீசே தேவலைன்னா மக. படிக்கத் தெரியாதவங்களா இருந்தா ஸ்டடில சம்பந்தமில்லாத ஒரு சாட்சிய வெச்சுப் படிச்சுச் சொல்லோணும், அது ரூல். மக இன்னொண்ணும் பண்ணுனா, சி.டி.ஆர்.ஐ.ன்னு ஐ.சி.எம்.ஆர்.ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்தற பதிவேட்டுல அந்த ஸ்டடி நெம்பரைப் போட்டுப் பாத்தா. 2009 ஜூன்ல இருந்து நாட்டுல நடக்கற கிளினிக்கல் ட்ரயல், அதான் இந்த மாதிரி ஸ்டடி எல்லாம் அதுல பதியறது கட்டாயம். இருந்துச்சு, யாரு நடத்தறா, எத்தனை பேரைச் சேக்கறாங்கன்னு எல்லாம் போட்டிருந்துச்சு.

அடுத்த தடவை போறப்ப கேள்விய எழுதிட்டே போனேன். சேரலைன்னா வைத்தியம் மாறுமா? மாறாது. பாதில நின்னுக்கலாமா? காரணமே சொல்லாம நின்னுக்கலாம். குளுருல தோலு புண்ணானா செலவு யாருது? அவங்களது. ஸ்டடிக்குன்னு தனியா வரச் சொன்னா பஸ் காசு? குடுப்போம். என்ற பேரு வெளிய போகுமா? போகாது, நெம்பர் தான். எதிக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இதுக்கு ஒப்புதல் குடுத்திருக்கோணும், அதுல டாக்டருங்க மட்டும் இல்ல, சட்டம் தெரிஞ்சவங்க, வெளியாளு, நம்மள மாதிரி சாதாரண ஆளு ஒருத்தரும் இருக்கோணுமாம், ஏதாவது பிரச்சனைன்னா கூப்பட அவங்க போன் நெம்பர் பேப்பர்லயே இருக்கும். கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு நமக்கும் வேணும், கேட்டு வாங்குங்க.

ஆனா கடைசியா ஒண்ணு கேட்டேன், அங்க தான் சொத்துன்னு ஆயிருச்சு. "எனக்கு கிளவுஸ் கண்டிப்பா உண்டு தானே?" இல்லீங்க்கா, கம்ப்யூட்டர் தான் குலுக்கிப் போடும், பாதிப் பேருக்கு கிளவுஸ், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும், டாக்டரே நெனச்சாலும் மாத்த முடியாதுன்னுச்சு. எனக்கு கிளவுஸ் இல்லாத பக்கம் தான் விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நின்னுக்கலாம்னே நெனச்சேன்.

அந்தத் தம்பி ஒரு சேதி சொல்லுச்சு. மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டருங்க நம்ம நாட்டுல 11 ஆஸ்பத்திரில 1,600 பொம்பளைங்ககிட்ட ஒரு ஸ்டடி பண்ணுனாங்களாம். ஆபரேசன்ல கத்தி வெக்கறதுக்கு முன்னாடி கட்டியச் சுத்தி லிக்னோகெய்ன், அதான் பல்லு புடுங்கறப்ப மரக்கறதுக்குப் போடற சாதாரண ஊசி, அதைப் பாதிப் பேருக்குப் போட்டாங்க, மீதிப் பாதிக்குப் போடல. 2023ல ரிசல்ட் வந்துச்சு, அஞ்சு வருசம் கழிச்சு உசுரோட இருந்தவங்க போடாத பக்கம் 86.4 சதவீதம், போட்ட பக்கம் 90.1. போடாத பக்கம் ஆளே இல்லாமப் போயிருந்தா அந்த வித்தியாசம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சரின்னு இருந்துட்டேன். ஸ்டடில சேர்ந்தா நமக்கு நல்லது நடக்கும்னு நெனச்சு சேராதீங்க, நடந்தாலும் நடக்கலாம், அதுக்காக நடத்தறது இல்ல அது. நம்ம கஷ்டத்துக்கு சோசியல் ஒர்க்கர், பிசியோ, அந்த மாதிரி அக்காங்க. ஸ்டடி வேற கணக்கு.

அதுக்குப் பொறவு ஒவ்வொரு செக்கப்புலயும் டியூனிங் ஃபோர்க்குன்னு, தட்டுனா அதிர்ற ஒரு கவைக் கம்பியத் தட்டி விரல் மூட்டுல வெச்சு அதிர்வு எப்ப நிக்குதுன்னு கேப்பாங்க, நைலான் நூலுல தொட்டு தெரியுதான்னு பாப்பாங்க, பட்டன் போட முடியுதா, செருப்பு கழண்டது தெரியுதான்னு ஒரு கேள்வித்தாள். எரிச்சலா இருக்கற நாள்ல கேள்வித்தாளைப் பாத்தாலே கோவம் வரும், அதையும் சொல்லியிருக்கேன், சிரிச்சுட்டே குறிச்சுக்கும் அந்தத் தம்பி.

ஆபரேசன்ல எடுத்த கட்டியில மிச்சம் இருக்கறதை ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டது தனி ஃபாரம், இதோட சேத்துக் கொழப்பிக்காதீங்க. குடுத்தேன். சென்னை ஐ.ஐ.டி.ல 2025ல நம்ம நாட்டுப் பேசன்ட் 480 பேரு மார்புக் கட்டியோட மரபணுவைப் படிச்சு வெளியிட்டிருக்காங்க, அதுக்கெல்லாம் யாராவது குடுத்தாத்தானே ஆகும். ஆனா அந்தக் கட்டிய மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற பிளாக் நமக்கே பின்னாடி வேணும், வேற டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்துக் கேக்கவோ புது டெஸ்ட் எடுக்கவோ, அதனால நமக்குப் போதுமானது லேப்ல இருக்குதான்னு கேட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க.

எனக்கு எடது கைல ரெண்டு விரல் நுனி இன்னும் மந்தமாத்தான் இருக்கு. செக்கிங்ல இருந்து பேக்கிங்குக்கு மாத்திக் கேட்டு வாங்கி வேலைக்குப் போயிட்டு இருக்கேன். ஸ்டடிக்கு இன்னும் ஆளு சேத்துட்டு இருக்காங்க. ரிசல்ட் வந்தா சேர்ந்தவங்களுக்கும் தமிழ்ல ஒரு பக்கம் எழுதி அனுப்புவீங்களான்னு கேட்டிருக்கேன், கமிட்டில பேசிட்டுச் சொல்றோம்னாங்க, அடுத்த செக்கப்புல மறுபடியும் கேக்கோணும்.