உப்பு விழுந்த ஊரில் ஒரு பழைய சைக்கிள்

முதல் உப்பு விழுந்த மறுநாள் காலை சைக்கிள் செயினைப் பார்த்தால் வயிறு எரியும். முந்தின இரவு மினுங்கிக்கொண்டிருந்தது, விடியும்போது துருவேறி, மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும். ரொறன்ரோவில் இது நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நடக்கும். பனி ஒழுங்காகக் கொட்டிக்கூட இருக்காது. ‘கொட்டலாம்’ என்று வானிலைக்காரர் வாயெடுத்தாலே போதும், பனி உருகட்டும் என்று லொறி வந்து வீதி நீளத்துக்கு உப்பை விசிறிவிட்டுப் போய்விடும்.

அடுக்களையில் ஒரு சிட்டிகை உப்புச் சிந்தினால் ஆச்சிமார் என்ன பாடு படுத்துவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இலங்கையின் வடக்கில் ஆனையிறவு உப்பளம் யுத்தத்தில் மூடிக்கிடந்ததைக் கண்டவர்களுக்கு அதன் அருமை இன்னும் தெரியும். இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில், கோடரிச் என்ற ஊரில், ஹூரோன் ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அவ்வளவையும் வெட்டி எடுத்து வீதியில் கொட்டுகிறார்களோ என்று சில நாட்களில் தோன்றும்.

‘கனடாவுக்கு வந்தும் சைக்கிளோ?’ என்று கோயில் வாசலில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூலையில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் 3ஆம் தடத்து ரயில் தடம் விலகி, அதோடு அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் கெனடி வீதியிலிருந்து மார்க்கம் வீதிக்கு மிதித்தே போய்விடலாம். கார் காப்புறுதிக் கணக்கை இங்கே எடுக்கவேண்டாம், பேச்சு நீளும்.

எந்தச் சைக்கிள் வாங்குவது? 1990களில் வந்த மலைச் சைக்கிள், 26 அங்குலச் சில்லு, முன்சில்லைப் பிடிக்கும் கவையான போர்க்கில் ஸ்பிரிங் இல்லாதது. அதுதான் முதல் தெரிவு. ஸ்பிரிங் போர்க் குளிரில் விறைத்துவிடும், உப்புத் தண்ணீர் அதன் சீலுக்குள் இறங்கி வசந்தத்துக்குள் அரித்துவிடும். இருப்பது ஸ்பிரிங் போர்க்தான் என்றால் வெறும் இரும்புப் போர்க் ஒன்றை மாற்றிப் போடலாம். அச்சிலிருந்து போர்க்கின் தோள்வரை உள்ள நீளத்தைப் பழையதில் அளந்து, புதியதும் அதே அளவுக்குக் கிட்ட இருக்கவேண்டும். குறைந்தால் முன்பக்கம் தாழ்ந்து, ஹாண்டில் பதறும். பிறேக் பூட்டும் குமிழும் இருக்கிறதா என்று பார்க்கவும்.

ரயர் வாங்கப் போகும் இடத்தில்தான் ஊர் அறிவு காலை வாரும். எங்கள் ஊர்க் கடையில் ‘இருபத்தாறு’ என்றால் பெரும்பாலும் 26×1⅜, லேடீஸ் சைக்கிளின் அளவு. அதன் றிம் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் 26க்கு 559. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்றுக்கொன்று பூட்டாது. ரயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். கடைசி மூன்று இலக்கமும் 559தானா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கவும்.

குளிருக்கான ரயரில் ஆணி பதித்திருக்கும். டங்ஸ்டன் கார்பைட் முனை, அதனால் தார் வீதியில் ஓடியும் எளிதில் தேயாது. ஷ்வால்பே மரதன் விண்டர், சுவோமியின் 106 ஆணி ரயர் இரண்டும் 559இல் வந்திருக்கின்றன. இரண்டு ரயருக்குப் பணம் போதாவிட்டால் ஒன்றை வாங்கி முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சில்லு சறுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். புது ரயரை முதல் 40, 50 கிலோமீட்டர் வரை பனியில்லாத தாரில், சடுதியாகப் பிறேக் பிடிக்காமல் ஓட்டவேண்டும். ஆணிகள் இறுகி உட்காருவதற்கு அதுதான் வழி. அந்த 50 கிலோமீட்டரும் வீதி முழுக்கக் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். பசியோடு வேலையால் திரும்புகிறவருக்கு அது கொடுமை.

காற்றுக் கணக்கு ஒன்று உண்டு. 20 பாகைச் சூட்டில் இருக்கும் பேஸ்மென்டில் 40 பிஎஸ்ஐ அமுக்கத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு மறை 15 (-15) பாகைக் குளிரில் இறங்கினால், வீதியில் அது 33 அல்லது 34தான். காற்றுப் போகவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது. ஓட்டையைத் தேடி ரியூப்பைக் கழற்றித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கத் தேவையில்லை. கண்ணாடிப் பனி உள்ள நாளில் 35க்குக் கிட்டப் போதும். வெறும் தாரில் 50 வரை அடித்தால் உருட்டல் இலேசாக இருக்கும். ரயரில் எழுதியிருக்கும் மேல் கீழ் எல்லைகளைத் தாண்டவேண்டாம்.

இனி உப்பு. இதுவரை சொன்னதெல்லாம் விழாமல் இருப்பதற்கு. சைக்கிள் அடுத்த மாரிக்கும் இருக்கவேண்டுமென்றால் சண்டை உப்போடுதான்.

ரொறன்ரோவின் குளிர் ஒரே பிடியில் நிற்பதில்லை. ஒரு நாள் உறையும், மறுநாள் உருகும், இரவு திரும்ப உறையும். உருகும் நாளில் வீதியில் இருப்பது சாம்பல் நிறக் கூழ். பனியும் உப்பும் மணலும் கலந்த அந்தக் கூழை முன்சில்லு நேரே செயினிலும் பெடல் அச்சிலும் அள்ளி வீசும். அதனால் முதற்செலவு மட்காட்டுக்கு. முழுநீள மட்காட், 60 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம், ரயருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. இடைவெளி குறைந்தால் கூழ் அடைத்து உறைந்து சில்லையே பிடித்துவிடும். முன் மட்காட்டின் நுனியில், ஊரில் றப்பர்த் துண்டு தொங்கவிடுவோமே, அதை இங்கேயும் தொங்கவிடவேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கினால் பாதிக் கூழ் செயினுக்கு வராது. பூட்டும் போல்ட்டுகள் துருப்பிடிக்காத உருக்கில், உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டோடு இருக்கட்டும். சாதா நட்டு இரண்டு மாதத்தில் ஸ்பனருக்கு அசையாது.

அடுத்தது சீற்றுக் கம்பம். இரும்புப் பிரேமுக்குள் அலுமினியக் கம்பம் என்றால், உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே நின்று பட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் பூத்து வீங்கும், வசந்தத்தில் கம்பத்தை யாராலும் உருவமுடியாது. டிசம்பருக்கு முன் உருவித் துடைத்து, கிறீஸைத் தாராளமாகப் பூசி இறக்குங்கள். மாதம் ஒருமுறை இடுக்கியைத் தளர்த்திக் கம்பத்தைத் திருகிப் பாருங்கள். உருவியிருக்கும்போதே பழைய ரியூப்பில் 10 சென்ரிமீட்டர் வெட்டிச் சீற்றுக் குழாயின் வாயில் உறை மாதிரி மாட்டிவிட்டால், பின்சில்லு அடிக்கும் தண்ணீர் குழாய்வாயின் வெடிப்பால் உள்ளே இறங்காது. இந்த வேலைக்குக் கடையில் ஒரு பொருளும் வாங்கவேண்டாம். எறியாமல் சேர்த்துவைத்த பழைய ரியூப்புக்கு ஒரு வழியாக மதிப்புக் கிடைக்கிறது.

செயினுக்கு வருவோம். ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். மறை 10இல் அது எண்ணெய் இல்லை, மெழுகுவர்த்தி. மழைக்காலத்துக்கென்று விற்கும் தடித்த செயின் எண்ணெய்தான் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, பெடலைப் பின்னால் பத்துச் சுற்று, பிறகு வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடவேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்துவைத்துப் பல்லை அராவும். துடைப்பதற்குப் பழைய சாரத்துண்டை விட்டால் வேறு துணி இல்லை. வாரம் இரண்டு தடவை, ஈரத்தில் ஓடிய நாளில் அன்றே.

கியரைக் குறைப்பது நல்லது. முன்னால் மூன்று பல்வட்டு தேவையில்லை, 32 பல்லுள்ள நடுவட்டை மட்டும் விட்டு முன் கியர் மாற்றியைக் கழற்றிவிடலாம். மற்ற இரண்டு வட்டும் போனால் போல்ட் நீளமாகிவிடும், கட்டையான போல்ட் கேட்டு வாங்கவேண்டும். பின்பக்கமும் ஒரே பல்வட்டு வைக்கும் ஆசை பலருக்கு வரும். பின் அச்சுப் பூட்டும் வெட்டு கிடையாக இருந்தால் செய்யலாம், சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்க இடம் இருக்கும். செயின் நடுவில் ஒரு சென்ரிமீட்டர் மேலும் கீழும் ஆடவேண்டும். 32க்கு 16 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.1 மீட்டர் நகரும், ஸ்காபரோவின் சமதரைக்குக் காணும். வெட்டு நிலைக்குத்தாக இருந்தால் செயினை இறுக்கும் கருவி ஒன்றைத் தனியே பூட்டவேண்டும், அதற்குள் கூழ் உறையும். அந்த அலைச்சலுக்குப் பின்பக்க ஏழு பல்வட்டையும் அப்படியே விடுவது மேல். செயின் தேய்வை இரும்பு அடிமட்டத்தால் பார்க்கலாம். 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றவும். இந்த ஊரில் மாரிக்கு ஒரு செயின் என்று வைத்துக்கொண்டால் மனம் நோகாது. விலை கூடியதை வாங்கவேண்டாம்.

மறை 15க்குக் கீழே ஒரு வேடிக்கை நடக்கும். பெடலை மிதித்தால் சும்மா சுழலும், சைக்கிள் நகராது. பின்சில்லின் பிறீவீலுக்குள் பல்லைப் பிடிக்கும் குட்டி நாக்குகள் தடித்த கிறீஸில் ஒட்டி, எழும்பாமல் படுத்துக்கிடக்கும். தையல் மெசின் எண்ணெயைப் போல மெல்லிய எண்ணெய் நாலைந்து துளி உள்ளே விட்டுச் சுழற்றினால் தீரும், மாதத்துக்கு ஒருமுறை திரும்ப விடவேண்டும். பிறேக் வயரும் அப்படித்தான். உறைக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்தால் பிடித்த பிறேக் விடாது. மாரிக்கு முன் வயரையும் உறையையும் சேர்த்துப் புதிதாக மாற்றி, நடுவில் வெட்டில்லாத முழு உறையாகப் போடுங்கள். பிறேக் கட்டை கூல்ஸ்டொப்பின் சல்மன் நிறத்தது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆனாலும் றிம்மில் பனி இருந்தால் முதல் சுற்றில் கட்டை துடைக்கும் வேலைதான் செய்யும், ஆதலால் சந்திக்கு முன்பே இலேசாகத் தொட்டுக்கொள்ளவேண்டும். றிம்மின் பக்கச்சுவர் விரலுக்குக் குழிவாகத் தட்டுப்பட்டால் அந்தச் சில்லின் காலம் முடிந்தது.

சைக்கிளை எங்கே வைப்பது என்பதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது ஒரே பிழை. பாவம் குளிருது என்று பேஸ்மென்டுக்குள், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உப்புத் தண்ணீர் சூட்டில்தான் வேகமாய் அரிக்கும். உருகிய பனி வயருக்குள்ளும் பிறீவீலுக்குள்ளும் இறங்கிக் காலையில் வெளியே போனதும் உறையும். குளிரிலேயே, மழை படாத இடத்தில் விடுங்கள். உள்ளே கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு எண்ணெய் விட்டபிறகே திரும்ப வெளியே எடுக்கவேண்டும். பூட்டின் சாவித்துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். உறைந்த பூட்டுக்குக் கொதிதண்ணீர் ஊற்றினால் அந்த நேரம் திறக்கும், மறுநாள் இரட்டிப்பாய் உறையும்.

கடைசியில் வெளிச்சம். இங்கே டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். சூரியன் மறைய அரை மணிக்கு முன்னிருந்து, உதித்து அரை மணி கழியும்வரை முன்னால் வெள்ளை அல்லது செம்மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கோ தெறிப்பானோ இருக்கவேண்டும் என்பது ஒன்டாரியோச் சட்டம். மணியும் வேண்டும். லைட் இல்லாமல் போய்ப் பொலிசிடம் பிடிபட்ட கதை ஊரில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும், இது பழகின சட்டம்தான். பட்டரி விளக்குக் குளிரில் சீக்கிரம் செத்துப்போகும், கழற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கவேண்டும். ரயரில் உரசும் போத்தல் டைனமோ கூழில் வழுக்கும். நிரந்தரமான வழி முன்சில்லின் அச்சுக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோ, 6 வோல்ட், 3 வாட். பழைய றிம்மில் எத்தனை கம்பித் துளை என்று எண்ணி, 32 அல்லது 36, அதே எண்ணிக்கையில் ஹப்பை வாங்கிக் கம்பி கட்டுவிக்கவேண்டும்.

ஹப் டைனமோவுக்குச் சத்தமே இல்லை. எரிகிறதா என்று பார்க்க, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து முன்சில்லைக் கையால் சுற்றவேண்டும். பேஸ்மென்ட் சுவரில் வெளிச்சம் ஏறி இறங்கும். அந்த நேரம் மேலிருந்து யாராவது பெரியவர் படியால் இறங்கி வந்தால், கவிழ்ந்து கிடக்கும் சைக்கிளையும் சுற்றும் கையையும் பார்த்துவிட்டு, ஊரில் கரண்டும் பட்டரியும் இல்லாத அந்த யுத்த வருடங்களில் டைனமோவில் றேடியோ பூட்டிக்கொண்டு குந்தியிருந்த அதே குரலில் கேட்பார்: “செய்தி தொடங்கியிட்டுதே?”