சீனியாரிட்டி தேதி
அமெரிக்கால ரெண்டு ட்ரக் கம்பெனி ஒண்ணா சேரும்போது யூனியன் டிரைவருங்க முதல்ல கவலைப்படுறது சீனியாரிட்டி லிஸ்ட்ட, அதாவது முதல்ல சேந்தவங்க மேல இருக்குற வரிசைய, எப்படி சேக்கப் போறாங்கன்னுதான். வேலைக்குச் சேந்த தேதிப்படி ரெண்டு லிஸ்ட்டையும் கலந்தா விலைபோன கம்பெனில 20 வருஷம் வேலை பாத்தவருக்கு அவரோட இடம் நிக்கும், அப்படி இல்லாம விலைக்கு வாங்குற கம்பெனியோட ஆளுங்களுக்குக் கீழ மொத்தமா ஒட்டிட்டா லேஆஃப் வரும்போது அவர்தான் முதல்ல வெளிய போகணும், நல்ல ரூட்டும் கைவிட்டுப் போயிரும். தேதிப்படி கலக்குறதுதான் நியாயம், உழைச்ச வருஷத்த ஒரு கையெழுத்துல அழிக்க யாருக்கும் உரிமை இல்ல. ஆனா கம்பெனியே மூடிட்டா? யெல்லோங்குற ட்ரக் கம்பெனி 2003ல ரோட்வேங்குற இன்னொரு ட்ரக் கம்பெனிய வாங்குச்சு, 2005ல யூஎஸ்எஃப் கம்பெனிய வாங்குச்சு, 2023ல மொத்தமா இழுத்து மூடுனப்ப சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு, அதுல 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ் யூனியன்காரங்க. வேற கம்பெனிக்குப் போனா பழைய சர்வீஸ் நம்மகூட வராது, பொதுவா லிஸ்ட்டோட அடியிலதான் ஆரம்பிக்கணும், இதத்தான் என்னால தாங்கிக்கவே முடியல.