கூட்டுக் கிணறும் ஒரு லினக்ஸ் பெட்டியும்

சனிக்கிழமை ராத்திரி தங்கச்சி கோவை ஹாஸ்டலிலிருந்து போன் போட்டாள். "லாகினே ஆக மாட்டேங்குதுங்ணா. மிஷின் போயிருச்சா?"

போகவில்லை. சித்தப்பா பையன், என் தம்பி முறை, நாலு ரேக்ளா வீடியோக்களை ஒரே நேரத்தில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் புரோகிராமில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தான். காங்கேயம் பக்கம் எங்கள் களத்து வீட்டில் கிடக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் 4 கோர், 8 ஜிபி ராம். அதில் ஓடுவது உபுண்டு 22.04 லினக்ஸ். எங்கள் மூன்று பேருக்கும் அதில் கணக்கு உண்டு. ரூட், அதாவது முழு நிர்வாக அதிகாரம், என்னிடம், அதனால் பஞ்சாயத்தும் என்னிடம்.

முதலில், யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரம்பு வைக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலில் கை வைத்தேன். ஆளுக்கு 200 பிராசஸ் (ஓடும் புரோகிராம்), 2 ஜிபி மெமரி. புதிதாக லாகின் ஆகிறவருக்குத்தான் அது பொருந்தும். லாகவுட் ஆனாலும் வேலையை ஓட விடும் டிமக்ஸில் தம்பி திறந்து வைத்திருந்த செஷன் பழைய வரம்பிலேயே ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனது. சரி, அதை மூடச் சொல்லித் திரும்ப வரச் சொன்னால், மறுபடியும் ராம் நிறைந்துவிட்டது. பிராசஸ் எண்ணிக்கை ஆளுக்குத்தான். ஆனால் இந்த மெமரி வரம்பு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. நாலு வீடியோ ஓட்டினால் நாலு 2 ஜிபி.

அப்புறம்தான் சிகுரூப் பக்கம் வந்தேன்; பிராசஸ்களைக் கூட்டமாகச் சேர்த்து, கூட்டத்துக்கே வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி அது. லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்லைஸ் என்று அப்படி ஒரு தனிக் கூட்டம் வைத்திருக்கிறது. அதற்கான ஃபோல்டரில் சின்னதாக ஒரு கான்ஃப் ஃபைல் போட்டால் எல்லோருக்கும் பொருந்தும். மெமரிமேக்ஸ் 2 ஜிபி என்று எழுதி, தங்கச்சியைப் பெரிய சிஎஸ்வி டேட்டா ஃபைல் ஒன்றைப் பைத்தானின் பாண்டாஸில் ஏற்றச் சொன்னேன். ராம் 2 ஜிபியில் நின்றது. ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப்பை மெமரிமேக்ஸ் கணக்கில் சேர்க்காது; மிச்சமெல்லாம் அங்கே ஓடியிருந்தது. மெமரிஸ்வாப்மேக்ஸ் 0 என்று சேர்த்ததும் அவளுடைய பைத்தான் மட்டும் 'கில்டு' என்று விழுந்தது, தம்பியின் வேலை அசையவில்லை.

"என்னுது மட்டும் ஏனுங்ணா?"

சிபியூவில் நான் செய்தது முட்டாள்தனம். சிபியூகோட்டா 150 சதவீதம் வைத்தேன், அதாவது ஆளுக்கு ஒன்றரை கோர். ராத்திரி இரண்டு மணிக்கு யாருமே இல்லாதபோதும் தம்பியின் வீடியோ ஒன்றரை கோரில் நொண்டியது, மிச்சம் சும்மா கிடந்தது. எங்கள் கூட்டுக் கிணற்றில் அப்படிச் செய்தால் அடிதான் விழும். பங்காளி மோட்டார் போடாத அன்றைக்கு நாம் தாராளமாக இறைக்கலாம். இரண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டுமென்றால்தான் முறை. லினக்ஸில் அந்த முறைக்குப் பெயர் சிபியூவெயிட். கோட்டாவை எடுத்துவிட்டு, தங்கச்சிக்கு 300 வைத்தேன், தம்பிக்கு இயல்பாக வரும் 100. அவள் தன் வேலையை நாலு பிராசஸாகப் பிரித்து ஓட்டியபோது, யார் எவ்வளவு சிபியூ எடுக்கிறார்கள் என்று காட்டும் சிஸ்டம்டி-சிஜிடாப்பில் அவள் 300 சதவீதத்தை ஒட்டியும் அவன் 100 சதவீதத்தை ஒட்டியும் நின்றார்கள். அவள் நிறுத்தியதும் அவன் மடமடவென்று 400-க்கு ஏறினான். அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் திறக்க முடிந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். கணக்குகள் உபுண்டு 20.04 காலத்தில் உருவாக்கியவை, ஃபோல்டர் அனுமதி எல்லாம் 755, அதாவது யாரும் திறந்து பார்க்கலாம். புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டருக்கு மற்றவர்களைத் தடுக்கும் 750 வந்தது 21.04-இல்தான், அப்கிரேட் பழசை மாற்றாது. மூன்றையும் சொந்தக்காரர் மட்டும் திறக்கும் 700 ஆக்கினேன்.

ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்கிற டிஸ்க் கோட்டா இன்னும் போடவில்லை. ரேக்ளா வீடியோவே பாதி டிஸ்க்கைப் பிடித்திருக்கிறது. தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் சித்தப்பா போன் வரும்.