கபிஸ்தலத்தில் ஒரு மஞ்சப்பை

ஆறு வருஷமாக என் தோளில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. மூலப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் நோட்டீஸ்கள், வாய்தா தேதி குறித்த ஒரு டைரி. பெரியப்பா மக்களோடு பாகப்பிரிவினை வழக்கு. மொத்தம் 3 மா நிலம்தான், ஏறக்குறைய ஒரு ஏக்கர். இதுவரை செலவழித்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பை கூடவே வரும். விவரம் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் காட்டலாமே! "உங்க ரெண்டாவது சம்சாரம்" என்பாள் வீட்டுக்காரி.

போன ஆவணியில் ஒரு வாய்தா. காலை 10.30 மணிக்கே போய் உட்கார்ந்தோம். கூப்பிட்ட இரண்டாவது நிமிஷத்தில் தள்ளிப் போட்டுவிட்டார்கள். திரும்பும் வழியில் கும்பகோணத்தில் ஒரு காபி. டம்ளரைக் கீழே வைக்குமுன் வீட்டுக்காரி சொன்னாள்: "கபிஸ்தலம் போய்ட்டுப் போலாங்க. யானையைக் காப்பாத்துன பெருமாள்."

திருவையாற்றுப் பக்கம் போகும் பஸ். சுவாமிமலை தாண்டி, வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகிறது. மேட்டூர் தண்ணீர் வந்து காவிரி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் சின்னதுதான். ஆனால் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமழிசையாழ்வார் ஒரே ஒரு பாசுரம் பாடியிருக்கிறார். "ஆற்றங்கரை கிடக்கும் கண்ணன்" என்பது அதில் வருகிறது. அப்படியேதான் இருக்கிறார். மூலவர் கஜேந்திர வரதன், சயனக் கோலம். தாயார் ரமாமணிவல்லி. ஆஞ்சநேயருக்குக் காட்சி கொடுத்த இடம் என்பதால் கபிஸ்தலம். கபி என்றால் குரங்கு.

வைணவர்கள் ஒரு பழைய வழக்கு வைத்திருக்கிறார்கள் (என் வழக்கைவிடப் பழையது). குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். பக்தன் இதில் யாராக இருக்க வேண்டும் என்று வைணவத்தின் இரண்டு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் இன்றுவரை வாதாடுகின்றன. குரங்கின் பெயரில் இருக்கிற ஊரில், கடைசியில் பிடியை விட்ட யானையின் கதை. எனக்கு இது பிடித்திருந்தது.

அந்த யானை கஜேந்திரனுக்குத் தன் பலம் நன்றாகவே தெரியும். அதுதான் சிக்கல். இந்திரத்யும்னன் என்ற ராஜா சாபத்தால் யானையானவன். கூட்டம், பிளிறல், தும்பிக்கை எல்லாம் இருக்கிறது. ஆனால் நிற்பது தண்ணீரில், ஒரு முதலை காலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. "நெடும்புனலுள் வெல்லும் முதலை" என்று வள்ளுவர் 495ஆம் குறளில் சொன்னது இதுதானே. ஆயிரம் வருஷம் இழுத்தான் என்கிறது பாகவதம். இழுக்க இழுக்க யானைக்கு வலு குறைகிறது, முதலைக்கு ஏறுகிறது. கூட வந்த யானைகளாலும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கோர்ட்டுதான் தண்ணீர். எதிர்த்தரப்புக்கு அதில் நீச்சல் தெரியும். நான் தரையில் வளர்ந்தவன்.

சந்நிதியில் எங்களைத் தவிர யாருமில்லை. பட்டர் ஆரத்தி காட்டினார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் முதலில் திருவடிதான் தெரிந்தது. அப்புறம் தீர்த்தப் பாத்திரத்தோடு வந்தார். நான் இடது கையால் பையை அணைத்தபடி வலது கையை மட்டும் நீட்டினேன்.

"பையைக் கீழ வைங்கோ சார், சிந்திடும். ரெண்டு கையும் வேணும்."

வைத்தேன். உள்ளங்கையில் துளசி வாசனையோடு தீர்த்தம் ஜில்லென்று விழுந்தது. சடாரி வைக்கும்போது கழுத்து ஏனோ தானாகவே குனிந்தது. பேச்சு வாக்கில் பட்டர் சொன்னார்: "யானை தன் உசிருக்காகக் கூப்பிடலை சார். பறிச்ச தாமரை வாடறதுக்குள்ள திருவடில சேரணுமேன்னு கவலை. அதுக்குத்தான் ஆதிமூலமேன்னு கூப்பிட்டுது."

வியாக்கியானம் அழகுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. எனக்குக் கால்தான் வலிக்கிறது, பூ நினைவே வரவில்லை. 'என்னால் முடியவில்லை' என்பதற்கு மேல் வேண்டிக்கொள்ள ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு அது உறைத்தது.

எதிரே குளம். கஜேந்திர புஷ்கரணி என்கிறார்கள். முதலை காலைக் கவ்வியது இங்கேதானாம். படியில் உட்கார்ந்து வீட்டுக்காரி கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். கை கழுவக் குனிந்தபோதுதான் தோளிலிருந்து எதுவும் சரியவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஓடினேன். 52 வயதில் அப்படி ஓடியதில்லை. சந்நிதி வாசலில், வைத்த இடத்திலேயே இருந்தது பை. பட்டர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிடப் போறது சார்?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

பஸ்ஸில் வீட்டுக்காரி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுவாமிமலை வருவதற்குள் நான் தூங்கிவிட்டேனாம்.