காசிமேட்டுக்காரன் ஏரியில் கவிழ்ந்த கதை

இங்கிலாந்துக்கு வந்த மூன்று வருடத்தில் என்னைப் பார்த்து ஒருவர்கூடக் கத்தியதில்லை. பேருந்தில் ஒருவரின் காலை மிதித்தபோதுகூட அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் பிறந்தவனுக்கு இது என்ன மாதிரி தண்டனை என்று உங்களுக்கே தெரியும். விடிவதற்கு முன்பே ஏலக் கூச்சலில் கண் விழித்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் பாசத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் காட்டுவார்கள்.

அதனால் அந்த ஏப்ரல் ஞாயிறு, பாய்மரப் படகுப் பந்தயத்தில், ஏரி நடுவில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தொண்டை கிழிய "ஸ்டார்போர்ட்!" என்று என்னை நோக்கிக் கத்தியபோது, பயத்துக்கு முன்னால் வந்தது சந்தோஷம்தான். அரை மணி நேரம் முன்பு இதே மனிதர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்து, பால் போதுமா என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். ஸ்டார்போர்ட் என்றால் வலப்பக்கம். அவர் படகு காற்றை வலப்பக்கம் வாங்குகிறது, என் படகு இடப்பக்கம். நான்தான் விலக வேண்டும், அதுதான் சட்டம். விலகுகிறேன் என்று சுக்கானைத் தள்ளினேன். பாய் தலைக்கு மேல் சுழன்றது. அடுத்த நொடி ஐஸ் பெட்டியில் போட்ட சங்கரா மீன் மாதிரி தண்ணீருக்குள் கிடந்தேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துவிட்டதுதான் இந்தப் பாய்மரக் கழகம். எல்லாரும் ஓட்டுவது லேசர் படகு. ஆள் ஒருத்தர், பாய் ஒன்று. நீளம் 4.23 மீட்டர், பாயின் பரப்பு சுமார் ஏழு சதுர மீட்டர். இப்போது அதற்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் கழகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மார்ச் கடைசியில் சீசன் ஆரம்பம். ஞாயிறு காலைகள், கோடையில் புதன் மாலைகள், நவம்பரிலிருந்து குளிர்காலப் பந்தயங்கள். கடல் என்று ஒன்றைப் பார்க்க இங்கிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

நைனாவிடம் போனில் சொன்னேன்.

"ஏரியா? குடிக்கிற தண்ணி ஏரியா?"

"ஆமா நைனா."

"புழல் ஏரியில பாய் கட்டினா மாதிரி. உட்டானுங்களா உன்ன?"

அப்புறம் கேட்டார், "சரி, பாடு இன்னா?" மீன் எவ்வளவு கிடைத்தது என்று அர்த்தம். மிதவைகளைச் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவோம் என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அன்று ஏப்ரல் 15-ஐத் தாண்டியிருந்தது. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் காசிமேட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்கும். பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவர்கள் கரையில் உட்கார்ந்திருக்க, பிள்ளை மீனே பிடிக்காமல் சுற்றி வருகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

இங்கே பஸ்ஸுக்கு இரண்டு பேர் நின்றாலும் வரிசைதான். அதே ஆட்களைப் பந்தயம் தொடங்கும் கோட்டில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஊதல். நாலில் இன்னொன்று, நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். அந்தக் கடைசி நிமிடத்தில் இருபது படகுக்குள் நடக்கிற காரியம், எங்கள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நடக்குமே, அதேதான். நான் முதல் நாள் மரியாதையாகப் பின்னால் நின்றேன். பாய்கள் மறைத்ததில் எனக்குக் காற்றே வரவில்லை. அடுத்த வாரம் எனக்குள் இருந்த ரேஷன் கடைப் பையன் வெளியே வந்தான். அதிலிருந்து கோட்டில் எனக்கு ஒரு இடம் உண்டு.

தண்ணீருக்குள் நடுவர் யாரும் கிடையாது. தப்பு செய்தவன் தானே ஒத்துக்கொண்டு தன் படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தப் பெரியவர் ஒருநாள் என்னை லேசாக இடித்துவிட்டு, யாருமே கேட்காமல், ஏரி நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றினார். முதல் இடத்திலிருந்து ஏழாவதுக்குப் போனார். அதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் எட்டாவதாக வந்தேன்.

ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது, சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. துறைமுகச் சுவரை ஒட்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தவன், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததைக் கற்றுக்கொள்ள விமானம் ஏறியிருக்கிறேன். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் லேசர் ரேடியலில் ஓட்டினார். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். என் படகும் அதே உடல்தான், அவருக்குப் பாய் கொஞ்சம் சின்னது. கழகத்தில் ஒவ்வொருவரையும் பிடித்து இதைச் சொன்னேன். அவர்களும் ஒவ்வொருவராக, அழகாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது சீசனில் நான் கவிழ்வது குறைந்தது. பழகிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் காற்று வடக்கிலிருந்து அடித்தால் மட்டும் கை தானாகத் தளர்கிறது. அந்தக் காலத்தில் நைனா கரையில் நின்று ஒரு பிடி மணலை எடுத்து விடுவார். அது பறக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வாடை, இன்னிக்கு வேணாம்" என்று மரத்தை அவிழ்க்காமலே திரும்பிவிடுவார். அன்று வீட்டில் கஞ்சி.

புள்ளிக் கணக்கை அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் வந்தவனுக்கு ஒன்று, இருபதாவது வந்தவனுக்கு இருபது. குறைவாக வைத்திருப்பவன் ஜெயித்தான். "அப்ப கடைசி ஆளுதான் பணக்காரன்" என்று சிரித்தார். பன்னிரண்டு பந்தயத்தில் மோசமான நாலைக் கழித்துவிட்டு மீதி எட்டைத்தான் கூட்டுவார்கள் என்றதும் சிரிப்பு நின்றது.

"கெட்ட நாளக் கழிச்சுடுவாங்களா?"

"ஆமா நைனா. நாலு நாள்."

"யாரு கழிப்பா?"

"கணக்குலயே வந்துடும்."

"நம்மளுது கழியாதுடா. எல்லாம் டீசல்காரன் நோட்டுல கீது."

இது நவம்பரில், ஒரு ஞாயிறு காலை. கழகத்து வண்டி நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன், அங்கே மதியம் மூன்று மணி. ஒரு கையால் பாயைக் கட்டினேன். சில்லென்று வடக்குக் காற்று. அங்கேயும் வாடைதானாம், அலை பெரிசாம், பக்கத்து வீட்டுப் படகு போகவில்லையாம். "பாத்துப் போடா" என்று சொல்லி வைத்தார். ஓடிப்போய்ப் படகை இறக்கினேன்.

முதல் மிதவை வரைக்கும் மூன்றாவதாகப் போனேன். அப்புறம் படகு கனத்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் வடிக்கிற துளையின் அடைப்பானைத் திருகாமலே இறக்கியிருக்கிறேன், அது என் சட்டைப்பையில் இருந்தது. நாங்கள் வளர்ந்தது கட்டுமரத்தில். நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கட்டினால் மரம், அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே அடைப்பான் தேவைப்படும்.

பாதுகாப்புப் படகில் அன்று அந்தப் பெரியவருக்கு முறை. கயிறு போட்டு என்னை இழுத்துக்கொண்டே, கவலைப்படாதே, இதைக் கழித்துவிடலாம் என்றார்.